‘ஓரிரு இடங்களில்’ என்றால் எத்தனை இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் வாழவந்தி பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தோட்டம்தான் முழுநேர வேலை. உங்கள் நாளிதழ் காலை பஸ்ஸில் சேலத்திலிருந்து மேலே வருகிறது. கையில் வாங்கியதும் முதலில் தேடுவது வானிலைச் செய்தியைத்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பழம் பறிக்கிற பருவம் என்பதால் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு நாள் “சேலத்தில் இன்று கனமழை வெளுத்து வாங்கும்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதே செய்தியின் கடைசிப் பத்தியில் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை இருந்தது. “ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்பு உள்ளது.” தலைப்பும் அறிக்கையும் ஒன்றல்லவே, ஐயா. மிதமான மழை எப்படிக் கனமழை ஆனது? ‘வாய்ப்பு’ எங்கே போனது? ‘ஓரிரு இடங்கள்’ எப்படி முழுச் சேலம் ஆனது?

வானிலை மையத்தின் வழக்கில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அந்தப் பகுதியில் இருக்கிற மழைமானிகளில் நூற்றுக்கு 25 வரை நனையும் என்று பொருள். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50. ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75. அதற்கு மேலே போனால் ‘பெரும்பாலான இடங்களில்’. மழையின் அளவும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால்தான் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. ஐந்து ரோடு சந்திப்பில் தண்ணீர் தேங்கிவிட்டால் அது கனமழை ஆகிவிடாது.

ஆக, அன்றைய அறிக்கையைக் கணக்காகப் படித்தால், மாவட்டத்தில் நாலில் மூன்று இடம் காய்ந்தே கிடக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. தலைப்பைப் படித்தவர்கள் எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள். குடையோடு போகிறவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. களத்தில் காப்பி காயப் போட்டிருப்பவருக்கு உண்டு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு டிசம்பர். பல்ப்பரில் தோலுரித்து, கழுவி, களத்தில் நாலு நாள் காய்ந்த பார்ச்மென்ட் (மேல் ஓடு நீக்காத காப்பிக் கொட்டை). இன்னும் நாலைந்து நாள் வெயில் பட்டிருந்தால் மூட்டை பிடித்திருக்கலாம். அன்று காலை ஒரு பத்திரிகையில் (எது என்று சொல்வதில் இப்போது பயன் இல்லை) மூன்று நாளைக்குக் கனமழை என்று தலைப்பு. பயந்துபோய் எல்லாவற்றையும் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைத்து மூடினோம். மத்தியானம் நல்ல வெயில். களத்தில் வேலை செய்கிற அம்மா வந்து, “டீச்சர், வானம் வெளிச்சமாத்தான் இருக்கு, தொறந்து விடட்டுமா?” என்று கேட்டார். மூன்று நாள் என்று போட்டிருக்கிறதே, வேண்டாம் என்றேன். மறுநாளும் வெயில். மழை கீழே ஆத்தூர்ப் பக்கம் எங்கோ பெய்துவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் காலை தார்ப்பாயைத் தூக்கியதும் புளித்த கஞ்சி வாடை முகத்தில் அடித்தது. குவியலுக்குள் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பு. அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய ஓட்டில் சாம்பல் நிறத் திட்டுகள். விரலில் பூஞ்சைப் பொடி ஒட்டியது. அப்புறம் எத்தனை வெயிலில் காய வைத்தாலும் அந்த வாடை போகவே இல்லை. சேலத்தில் வியாபாரி பத்துக் கொட்டையை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சாக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். அந்த வருஷத்து விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு, கேட்ட விலைக்குப் போனது. ராத்திரிக்கு மட்டும் குவித்து மூடுவது எங்கள் வழக்கம்தான். இரண்டு பகல், இரண்டு ராத்திரி திறக்காமல் வைத்ததுதான் கெடுத்தது. ‘ஓரிரு இடங்களில் வாய்ப்பு’ என்று தலைப்பிலேயே இருந்திருந்தால், வெயில் அடித்தவரைக்கும் பரப்பிப் போட்டு, பக்கத்திலேயே தார்ப்பாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வானிலை மையத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வானிலையை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதற்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வகுப்பில் நான் அதை இப்படிக் காட்டுவேன். இரண்டு பிள்ளைகளிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, ஒருத்தியை 0.3 என்றும் இன்னொருத்தியை 0.301 என்றும் தொடங்கச் சொல்வேன். கையில் இருக்கும் எண்ணை ஒன்றிலிருந்து கழி, அந்த மிச்சத்தால் அதே எண்ணைப் பெருக்கு, நாலால் பெருக்கு. வருகிற விடையை வைத்து மறுபடி அதையே செய். முதல் தடவை ஒருத்திக்கு 0.840, இன்னொருத்திக்கு 0.842. மூன்றாம் தடவை 0.994, 0.996. இரண்டு பேரும் ஒன்றாகவே போவதாகத்தான் தெரியும். ஏழாம் தடவை 0.87, 0.77. எட்டாவதில் 0.45, 0.72. பத்தாவதில் ஒருத்தி 0.04-இல் நிற்பாள், மற்றவள் 0.62-இல். விதி ஒன்றுதான், யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒன்று வித்தியாசம், அவ்வளவுதான். நீங்களும் போனில் போட்டுப் பாருங்கள்.

1961-இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞருக்கு இதே அனுபவம்தான் நேர்ந்தது. கணினியில் 0.506127 என்று இருந்த எண்ணை, அச்சில் வந்தபடி 0.506 என்று கொடுத்து மறுபடி ஓட்டினார். கொஞ்ச நேரம் பழைய கணக்கோடு சேர்ந்தே போன வானிலை, பிறகு அதற்குச் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. காற்றையும் ஈரத்தையும் நாம் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் ஒரு சின்ன மிச்சம் அளக்காமல் நிற்கும். அது பெருகிப் பெருகி, சுமார் இரண்டு வாரத்தில் முழுக் கணக்கையும் விழுங்கிவிடும். நாள்வாரி முன்னறிவிப்புக்கு அதுதான் எல்லை. “வரும் 25-ஆம் தேதி சேலத்தில் மழை” என்று மாதத் தொடக்கத்திலேயே ஒருவர் சொன்னால், அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியது பத்திரிகையின் வேலை. கேட்காமலேயே எடுத்துப் போடுகிறீர்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அந்த இரண்டு வார எல்லைக்குள்ளும் எல்லா ஊருக்கும் ஒரே நம்பகம் கிடையாது. ஜெட் காற்றோட்டம் என்று பத்தாம் வகுப்பிலேயே பாடம் இருக்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் இருக்கிற மித வெப்ப மண்டலத்துக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற காற்றாறு அது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் போவதும் உண்டு. துருவத்துக் குளிருக்கும் வெப்ப மண்டலத்துச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை ஓட்டுகின்றன. ஆறு மாதிரியே வளைந்து நெளிந்து போகும். ஒவ்வொரு வளைவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அந்த நாட்டுப் புயல்கள் பெரும்பாலும் அந்த வளைவுகளைத் தொற்றிக்கொண்டு போகிறவை. அவ்வளவு பெரிய வளைவு ஒரே நாளில் காணாமல் போகாது. அதனால்தான் அங்கே ஐந்தாறு நாள் முன்னால் சொல்வது பெரும்பாலும் பலிக்கிறது.

நம் ஊரில் அப்படிக் கையைப் பிடித்து அழைத்துப் போக ஆற்றோட்டம் இல்லை. ஏற்காட்டு மாலை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று மணிக்குக் காலிஃபிளவர் மாதிரி ஒரு மேகம் கிளம்பும். நாலரைக்கு இடிக்கும். ஐந்தரைக்கு நட்சத்திரம் எண்ணலாம் போல வெளுத்துவிடும். ஓர் இடிமேகத்தின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அகலம் சில கிலோமீட்டர். அது நாகலூர் மேல் கிளம்புமா வாழவந்தி மேல் கிளம்புமா என்று முந்தின நாள் யாராலும் சொல்ல முடியாது. ‘ஓரிரு இடங்களில்’ என்று வானிலை மையம் எழுதுவது நேர்மை. மழுப்பல் அல்ல. அந்த நேர்மையைத்தான் தலைப்பில் நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள்.

ஜெட் காற்றோட்டம் நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்துச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். பூமியின் தென்பாதியிலும் இப்படி ஒரு காற்றாறு உண்டு. 2021 ஜூலையில் தென்னமெரிக்காவில் அது வடக்கே வளைந்து இறங்கி, துருவத்துக் குளிர் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் காப்பித் தோட்டங்கள் வரை வந்து உறைபனி கொட்டியது. அங்கே செடி கருகியதும் உலகச் சந்தையில் அராபிகா ரகக் காப்பியின் விலை ஏறியது. ஏற்காட்டில் பழம் அப்போது பச்சைக்காய். அப்போதே விலை விசாரித்து ஆள் வந்தார்கள். அதற்கு முன்னால் 2010 கோடையில் பூமியின் வடபாதியில் ஓடும் ஜெட் ஒரே வளைவில் வாரக்கணக்காகச் சிக்கி நின்றது. ரஷ்யா வெந்தது. அந்த வளைவின் கீழ்ப்பக்கம் பருவமழையோடு கைகோத்து பாகிஸ்தானை வெள்ளத்தில் மூழ்கடித்தது.

நம் தலைக்கு மேலேயும் ஒரு ஜெட் உண்டு, அது கிழக்கிலிருந்து மேற்கே ஓடுவது. தென்மேற்குப் பருவக்காலத்தில் ஏறத்தாழ சென்னை இருக்கும் அட்சரேகையில், 14 கிலோமீட்டர் உயரத்தில் அது ஓடுகிறது. 1950-களில் அதை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே தலைவரானார். குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே ஓடுகிற மேற்கு ஜெட், மே கடைசியிலும் ஜூனிலுமாக மலையைத் தாண்டி வடக்கே போகும். அது விலகவும், இந்தக் கிழக்கு ஜெட் நிலைகொள்ளவும், பருவமழை உள்ளே வரும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் சில சமயம் வடக்கே இருக்கும் மேற்குக் காற்றின் வளைவு தெற்கே தாழ்ந்து வரும். பருவமழையின் தாழ்வுப் பகுதி இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கிவிடும். அப்போது நடு இந்தியா காயும். ‘பருவமழை பலவீனம்’ என்று நீங்கள் செய்தி போடுவீர்கள். அதே நாள்களில்தான் தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களில் மாலை இடிமழை கூடும். பருவமழை தீவிரமானால் குடகிலும் வயநாட்டிலும் கொட்டி மேட்டூருக்குத் தண்ணீர் வரும். பலவீனமானால் எங்கள் மலைக்கு மாலை மழை வர வாய்ப்பு அதிகம். ஒரே மாவட்டத்தில் மேட்டூருக்கு நல்ல செய்தி வேறு, ஏற்காட்டுக்கு நல்ல செய்தி வேறு. இதை விளக்கி ஒரு கட்டுரை உங்கள் பத்திரிகையில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, நாளைக்கே சொல்ல முடியாத ஊரில் மூன்று மாதத்துப் பருவத்தை எப்படி முன்னால் சொல்கிறார்கள் என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. வருகிற வியாழக்கிழமை எந்தப் பிள்ளை பள்ளிக்கு வராது என்று என்னால் சொல்லவே முடியாது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் வகுப்பு பாதிதான் நிறையும் என்பதை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவேன். தனிப்பட்ட நாள் வேறு, பருவத்தின் போக்கு வேறு. வெப்ப மண்டலத்தில் அந்தப் போக்கைப் பெரிதும் பிடித்து வைத்திருப்பது கடலின் சூடு. பசிபிக் கடல் சூடானால், அந்த எல் நினோ நிலை மாதக்கணக்கில் நீடிக்கும். கடல் காற்றைப் போல நிமிஷத்துக்கு நிமிஷம் மாறாது. 1981-இல் அமெரிக்க வானிலை அறிஞர் ஜூல் சார்னியும், உத்தரப் பிரதேசத்து பலியா மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த வானிலை அறிஞர் ஜகதீஷ் சுக்லாவும் இதை எடுத்துக்காட்டினார்கள். மித வெப்ப மண்டலத்தில் நாள் கணிப்பு எளிது, பருவம் கடினம். நமக்கு அப்படியே தலைகீழ். அதிலும் எல் நினோ வந்த வருஷமெல்லாம் பருவமழை பொய்ப்பதில்லை. அது தராசை ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான்.

பருவத்தை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி தொடங்கியதே ஒரு பஞ்சத்துக்குப் பிறகுதான். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அதற்குப் பிறகுதான் அன்றைய இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியை வைத்து 1886-இல் முதல் பருவமழைக் கணிப்பை முறையாக வெளியிட்டார். நம் ஊர் பட்டினியும் அந்தக் கணக்கின் தொடக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கும்போது, வானிலைச் செய்தியை வேடிக்கைத் தலைப்பாக்குவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜெட் காற்றோட்டத்தைப் பற்றி இன்னொரு சேதியும் உண்டு. ஜப்பானில் வசாபுரோ ஓய்ஷி என்ற வானிலையாளர் 1920-களிலேயே பலூன் விட்டு அந்த மேல்காற்றை அளந்துவிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை போட்டார். அந்த மொழி படிக்கிறவர்கள் எத்தனை பேர்? 1944-இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறினார்கள். அளந்தது சரியாக இருந்தும் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. ‘ஓரிரு இடங்களில்’ என்பதும் இன்றைக்கு எங்கள் மலையில் அப்படித்தான் கிடக்கிறது.

பொய்யாகிப்போன எச்சரிக்கை ஒரு களத்துக் காப்பியோடு போய்விடுவதில்லை. அடுத்த எச்சரிக்கையின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட பிறகு, வலுவாகத் தள்ளிக்கொண்டு போக எந்தக் காற்றும் இல்லாமல், மணிக்கணக்கில் ஏறக்குறைய அசையாமல் நின்றது. பிறகு அதன் மிச்சம் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழை இத்தனை உள்ளே வரை வரும் என்ற எச்சரிக்கையை அப்போது எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்? “போன தடவையும் இப்படித்தான் போட்டான், ஒரு தூறல்கூட இல்ல” என்றுதான் எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பழுத்துத் தொங்கிய பழமெல்லாம் மழையில் வெடித்து உதிர்ந்து, செடியடியில் சிவப்பாகக் கிடந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வானிலை மையம் என்ன சொல் எழுதியதோ அதே சொல்லைத் தலைப்பில் போடுங்கள். கனமழை என்று அவர்கள் சொன்னால் மட்டும் கனமழை. செய்திக்கு அடியில் சின்னக் கட்டம் கட்டி ‘ஓரிரு’, ‘ஒரு சில’, ‘பல’ என்றால் நூற்றுக்கு எத்தனை என்று தினமும் அச்சிடுங்கள். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். நாளைக்கா, ஐந்து நாள் கழித்தா என்பதையும், அதற்கேற்ப நம்பகம் எப்படிக் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து நாளைக்கு அப்பால் தேதி குறித்துச் சொல்கிற எதையும் போடாதீர்கள். சேலம் நகரம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டர். இரண்டையும் ஒரே வரியில் ‘சேலம்’ என்று அடைக்காதீர்கள். முக்கியமாக, நேற்று என்ன சொன்னார்கள், உண்மையில் எவ்வளவு பெய்தது என்று பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கணிப்பு எவ்வளவு பலிக்கிறது என்பதை ஜனங்களே எடை போட்டுக்கொள்வார்கள்.

அதற்கு என்னால் ஆன உதவியையும் செய்கிறேன். என் அப்பா ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, அளவு ஜாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து எழுதுவார். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பதை எனக்கு அந்த ஜாடியை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது எங்கள் களத்து ஓரத்தில், மரநிழல் படாத இடத்தில், ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். அதே எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதுகிறேன். உங்கள் சேலம் நிருபரின் எண்ணைக் கொடுத்தால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தினமும் ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடுவேன். காசு எதுவும் வேண்டாம். பூஜ்யம் என்று அனுப்புகிற நாளிலும் அதை மறக்காமல் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை, காப்பி விவசாயி,
வாழவந்தி, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.